வெட்டுவதற்கு முன்னால் எய்து பாருங்கள்: மர ரிகர்வ் வில்லுக்குக் கார்பன் அம்பைப் பொருத்துவது

கேள்வி: "60 அங்குல ஒற்றைத்துண்டு மர ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்தது) வைத்திருக்கிறேன். 28 அங்குலத்துக்கு 45 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. டாக்ரான் (பாலியஸ்டர் நூல்) நாண். அம்பைத் தாங்கும் ரெஸ்ட் எதுவும் ஒட்டாமல், பிடிக்கு மேலே குடைந்திருக்கும் ஷெல்ஃபிலேயே அம்பை வைத்து எய்கிறேன். வலது கைக்காரன். கடையில் 400 ஸ்பைன் (விறைப்பைக் காட்டும் எண்) கார்பன் அம்பு ஒரு டஜன், 28½ அங்குலத்துக்கு வெட்டி, 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) முனை போட்டுக் கொடுத்தார்கள். எல்லாமே இடது பக்கம் போகின்றன. வில்லில் பட்டு 'டக்' என்று சத்தமும் வருகிறது. குறியை வலது பக்கம் தள்ளி வைத்துச் சமாளிக்கிறேன். தப்பு என் கையிலா, அம்பிலா?"

பெரும்பாலும் அம்பில்தான். கையிலும் கொஞ்சம் இருக்கலாம், அதைக் கடைசியில் பார்ப்போம். நீங்கள் சொன்ன கணக்கைப் பார்த்தால் அந்த அம்பு உங்கள் வில்லுக்கு மிக விறைப்பு. இடது பக்கம் போவதும் 'டக்' சத்தமும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். குறியைத் தள்ளி வைத்து எய்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது பழகிவிட்டால், அம்பு சரியான பிறகும் கை பழைய இடத்தையே தேடும். எனக்கு அது போக ஒரு வருடம் ஆனது.

நானும் இதே மாதிரிதான் ஆரம்பித்தேன். கடைக்காரர் வில்லில் எழுதியிருந்த பவுண்டைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் விரலை ஓட்டினார், பன்னிரண்டு அம்பையும் அங்கேயே வெட்டிக் கொடுத்துவிட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த அட்டவணை சக்கரங்கள் வைத்த காம்பவுண்ட் வில்லுக்குப் போட்டது. ஒரு தடவை வெட்டிய தண்டு திரும்ப வளராது. அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட என் வில்லிலிருந்து நேராகப் போனதில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் யார் கேட்டாலும் முதல் வார்த்தையாக, வெட்டாதீர்கள் என்று சொல்கிறேன். முழு நீளத்திலேயே வாங்குங்கள், எய்து பாருங்கள், அப்புறம் வெட்டலாம்.

சரி, ஸ்பைன் என்ற எண் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் வைத்து, அவற்றின் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். கிட்டத்தட்ட 880 கிராம். தண்டு 0.400 அங்குலம் தொய்ந்தால் அது 400 ஸ்பைன், 0.600 அங்குலம் தொய்ந்தால் 600. எண் கூடக் கூட இளக்கம், குறையக் குறைய விறைப்பு. மர அம்புக்காரர்கள் ஸ்பைனைப் பவுண்டில் சொல்வார்கள். அங்கே எண் கூடினால் விறைப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான தண்டு வாங்கியவர்கள் நிறையப் பேர்.

ஆனால் அது மேசையில் கிடக்கிற தண்டின் குணம். உங்களுக்கு வேண்டியது நாணிலிருந்து கிளம்பும் அம்பின் குணம். அதைத் தீர்மானிக்கிறவை தண்டின் நீளம், முன்பக்கத்து எடை, வில்லின் உண்மையான இழுவிசை, நாண் எந்த நூல், ஷெல்ஃப் எவ்வளவு உள்ளே குடையப்பட்டிருக்கிறது, நீங்கள் விரலை எப்படி விடுகிறீர்கள், இவை எல்லாம் சேர்ந்துதான். ஒரே 500 தண்டு ஒரு வில்லில் கம்பி மாதிரி நடந்துகொள்ளும், இன்னொரு வில்லில் கீரைத்தண்டு மாதிரி துவளும்.

அம்பு ஏன் வளைய வேண்டும்? உங்கள் வில்லில் அம்பு ரைசரின், அதாவது வில்லின் நடுக்கட்டையின், இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாணோ நடுக்கோட்டுக்குத் திரும்பி வருகிறது. அம்பு வளையாத இரும்புக் கம்பியாக இருந்தால், வால் நடுவுக்கு வரும்போது முனை இடது பக்கம் தள்ளப்பட்டே ஆக வேண்டும். நல்ல அம்பு அப்படிப் போவதில்லை. விரல் நாணை விடும்போது நாண் நேராக முன்னால் போகாமல் விரல் நுனியைச் சுற்றி உருண்டு பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் போகும். அந்தத் தள்ளில் அம்பின் நடுப்பகுதி முதலில் வில்லின் பக்கமாக வளைந்து அழுத்துகிறது. அடுத்த கணம் எதிர்ப்பக்கம் வளைந்து விலகுகிறது. அந்த விலகலில்தான் வால் ரைசரைத் தொடாமல் தாண்டிப் போகிறது. பார்ப்பதற்கு அம்பு வில்லைச் சுற்றிக்கொண்டு போவது போல இருக்கும். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் என்ற இரண்டு அமெரிக்க இயற்பியலாளர்கள் அதிவேகப் படங்களை வைத்து இந்த ஆட்டத்தை ஆராய்ந்தார்கள். வில்லாளிகள் பல நூற்றாண்டுகளாகக் கையால் அறிந்து வைத்திருந்தது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

உங்கள் 400 தண்டு இந்த ஆட்டத்துக்கு வரவில்லை. போதுமான அளவு வளையாததால் ரைசர் அதை இடது பக்கம் உதைக்கிறது, வால் போகிற போக்கில் ஷெல்ஃபில் அடிக்கிறது. நீங்கள் கேட்கும் 'டக்' அதுதான்.

இப்போது முதல் வேலை. வில்லில் எழுதியிருக்கும் 45 பவுண்டை மறந்துவிடுங்கள். அது 28 அங்குலம் இழுத்தால் கிடைக்கும் எண். நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்கள்? நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். முழு நீள அம்பு ஒன்றைப் பூட்டி, வழக்கமாக எய்கிற மாதிரியே, கண்ணும் மனசும் குறியில் இருக்க, நங்கூரம் வரை, அதாவது இழுக்கும் கை முகத்தில் வந்து நிற்கும் இடம் வரை இழுங்கள். பிடியின் மிகக் குழிந்த இடத்துக்கு நேர் மேலே அம்பில் அவர் பேனாவால் ஒரு கோடு போடட்டும். அம்பின் வாலில் நாணைக் கவ்வும் 'நாக்' என்ற துண்டின் பள்ளத்திலிருந்து அந்தக் கோடு வரை அளந்து, 1¾ அங்குலம் கூட்டுங்கள். அதுதான் உங்கள் இழுநீளம். ஒரு தடவை போதாது. ஐந்தாறு தடவை, அதுவும் கை கொஞ்சம் களைத்த பிறகும் பாருங்கள். அளக்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோருமே அரை அங்குலம் கூடுதலாக இழுப்போம்.

28½ அங்குல அம்பு உங்களுக்குப் போதுமாக இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் நீங்கள் 27 அங்குலம் பக்கம் இழுப்பவராக இருக்கலாம். இந்த வகை வில்லில் ஓர் அங்குலத்துக்கு 2 முதல் 3 பவுண்டு வரை மாறும். ஆக உங்கள் விரலில் இருப்பது 42, 43 பவுண்டுதான். ஊகிக்கவும் வேண்டாம், அளந்தே பார்க்கலாம். விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு இருக்கிறதே, அதை நாணில் மாட்டி, அம்பில் போட்ட கோடு அதே இடத்துக்கு வரும் வரை மெதுவாக இழுத்து எண்ணைப் படியுங்கள். இழுத்ததைக் கைநழுவ விட்டுவிடக் கூடாது, அம்பில்லாமல் நாண் அடித்தால் வில் உடையும். அதனால் இதை இரண்டு பேராகச் செய்வது நல்லது.

42 பவுண்டு, விரல் விடுப்பு, இழுவை உள்ள டாக்ரான் நாண். இதற்கு 28½ அங்குல 400 தண்டும் 100 கிரெயின் முனையும் எங்கேயோ இருக்கிறது. என் கணக்கில் 500 தண்டு கிட்டத்தட்ட முழு நீளத்தில் கனமான முனையோடு, அல்லது 600 தண்டு கொஞ்சம் வெட்டி 125 கிரெயின் முனையோடு, இந்த இரண்டில் ஒன்றில் வந்து நிற்கும். எது என்று உங்கள் வில்தான் சொல்ல வேண்டும்.

டஜன் கணக்கில் வாங்காதீர்கள். 500 ஸ்பைனில் மூன்று, 600 ஸ்பைனில் மூன்று, இரண்டும் வெட்டாமல். முனைகளில் 100, 125, 150, 175, 200 கிரெயின் ஒவ்வொன்றிலும் மூன்று. திருகு முனைதான் என்பதால் மைதானத்திலேயே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். செலவு ஒரு டஜன் அம்பு விலையை எட்டாது. தெரிந்தவரிடம் இருந்தால் இரவல் வாங்குவது இன்னும் நல்லது. வில்லாளிகளின் பெட்டியில் பழைய முனைகள் எப்போதும் கிடக்கும்.

கையில் இருக்கும் 400 தண்டுகளை என்ன செய்வது? முன்பக்கம் எடை ஏற்றினால் அம்பு இளகும். 200, 250, 300 கிரெயின் வரை போட்டுப் பாருங்கள், முனை திருகி உட்காரும் இன்சர்ட் பித்தளையில் கிடைத்தால் அதையும் சேருங்கள். ஓரளவு சரியாகலாம். ஆனால் 28½ அங்குலத்தில் அது முழுதாக வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வந்தாலும் அம்பு 570 கிரெயின் பக்கம் போய்விடும், 25 மீட்டருக்கு அப்பால் தொப்பென்று விழும். எடுத்து வையுங்கள், நாளைக்கு 55 பவுண்டு வில்லுக்குப் போனால் உதவும்.

அம்பைத் தொடுவதற்கு முன்னால் வில்லைச் சரிசெய்ய வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விட்டு மாதக்கணக்கில் அம்பைத் திட்டுவார்கள்.

பிரேஸ் ஹைட், அதாவது நாணேற்றிய வில்லில் பிடிக்குழியிலிருந்து நாண் வரை உள்ள தூரம். வில் செய்தவர் ஒரு வரம்பு சொல்லியிருப்பார், 60 அங்குல ரிகர்வுக்குப் பெரும்பாலும் 7¼ முதல் 8¼ அங்குலத்துக்குள் இருக்கும். குறைந்த அளவில் ஆரம்பித்து, நாணை நாலைந்து முறுக்கு ஏற்றி எய்து பாருங்கள், மறுபடி முறுக்குங்கள். ஓரிடத்தில் வில்லின் சத்தம் சட்டென்று அடங்கும், கையில் அதிர்வும் குறையும். அங்கே நிறுத்தி, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்ரான் புதிதில் நீளும், ஒவ்வொரு நாளும் எய்வதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வேகம் வேண்டும் என்று, அதிகம் நீளாத ஃபாஸ்ட்ஃபிளைட் வகை நாணுக்கு மாறுவதாக இருந்தால், வில்லின் நுனிகள் அதற்காக வலுவூட்டப்பட்டவையா என்று முதலில் கேளுங்கள். பழைய வில்லில் அந்த நாண் நுனியைப் பிளந்துவிடும். நாண் மாறினால் அம்பும் மாறும், வேகமான நாணுக்கு இன்னும் விறைப்பான அம்பு கேட்கும்.

ஷெல்ஃபில் என்ன ஒட்டியிருக்கிறது? தட்டையாக நீளமாகத் தோல் ஒட்டியிருந்தால் அம்பு இரண்டு அங்குல நீளத்துக்கு உரசிக்கொண்டு போகும். பிடியின் மிகக் குழிந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு சின்ன மேடு இருக்க வேண்டும், அம்பு அந்த ஒரு புள்ளியில் மட்டும் உட்கார வேண்டும். நான் செய்வது இதுதான்: தோலை உரித்து, ஒரு தீக்குச்சியை ஷெல்ஃபுக்குக் குறுக்காக வைத்து, அதன் மேல் தோலைத் திரும்ப ஒட்டிவிடுவேன். பக்கச் சுவரிலும் அதே நேரில் இன்னொரு துண்டு. இரண்டு மேடும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். ஐந்து நிமிட வேலை, இது ஒன்றிலேயே பாதிப் பேருக்குச் சத்தம் போய்விடும்.

நாக் நாணில் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதையும் பாருங்கள். அம்பைப் பூட்டி, முனை தரையைப் பார்க்க வில்லைக் கிடையாகப் பிடித்தால் அம்பு தொங்க வேண்டும், நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழ வேண்டும். தட்டியும் விழாவிட்டால் இறுக்கம் அதிகம், அந்த அம்பு சொல்லும் எந்தத் தகவலையும் நம்ப முடியாது.

நாக்கிங் பாயிண்ட் என்பது நாணில் நாக் உட்காரும் இடத்தின் அடையாளம். அதற்குப் பித்தளை வளையத்தை இப்போதே நசுக்கிவிடாதீர்கள். டென்டல் ஃபிளாஸை நாணில் சுற்றிக் கட்டுங்கள். நாணின் நடுவில் சுற்றியிருக்கும் நூலின் மேல் அதைத் திருகித் திருகி மேலும் கீழும் நகர்த்தலாம். அம்பு நாணுக்குச் செங்கோணமாக இருக்கும் மட்டத்திலிருந்து அதன் வால் 5/8 அங்குலம் உயரமாக இருக்கும்படி ஆரம்பியுங்கள். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே, கூடவே அம்புக்கு அடியிலும் ஒரு கட்டு, இல்லாவிட்டால் நாக் கீழே வழுக்கும். ஏன் உயரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன் என்றால், தாழ்வாக வைத்தால் வால் ஷெல்ஃபில் மோதி மேலே துள்ளும். பார்க்கிறவருக்கு நாக் உயரமாக இருக்கிற மாதிரி தோன்றும். அதை நம்பி இன்னும் தாழ்த்துவார், துள்ளல் இன்னும் கூடும். எத்தனையோ பேர் இந்தச் சுழலில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். இறகு ஒட்டாத அம்பை, நாங்கள் பேர் ஷாஃப்ட் என்போம், எய்து பார்ப்பதுதான் சோதனை. இறகு ஒரு தாய் மாதிரி, அம்பின் தப்பையெல்லாம் மூடி மறைத்து நேராக்கிவிடும். இறகில்லாத தண்டு எதையும் மறைக்காது. ஒரே ஸ்பைன், ஒரே நீளம், ஒரே முனை உள்ள ஐந்து தண்டுகள் இருந்தால் சிறப்பு, மூன்றில் இறகு, இரண்டில் இல்லை. மூன்று தண்டுதான் என்றால் இரண்டில் இறகு ஒட்டி ஒன்றை விட்டுவிடுங்கள். மூன்று 4 அங்குல இறகின் எடை 10 கிரெயின் கிட்ட வரும். அந்த அளவுக்கு எலெக்ட்ரிஷியன் டேப்பை இறகில்லாத தண்டின் வாலில் சுற்றுங்கள். வாலில் எடை இல்லாவிட்டால் தண்டு உள்ளதைவிட இளக்கமாகக் காட்டும்.

முதலில் 8 மீட்டரில் நில்லுங்கள். மென்மையான ஃபோம் இலக்காக இருக்கட்டும். கோணலாகப் போய்க் கடினமான பரப்பில் குத்தினால் கார்பன் தண்டு முறியும். இறகு வைத்தவற்றை முதலில் எய்யுங்கள், அவை ஓரிடத்தில் கூடட்டும். அதே குறியை வைத்து இறகில்லாததை எய்யுங்கள். எங்கே போய் நின்றது?

மேல் கீழ் முதலில். இறகில்லாதது மற்றவற்றுக்குக் கீழே குத்தினால் நாக்கிங் பாயிண்ட் உயரம் அதிகம், ஃபிளாஸ் கட்டை ஒரு திருகு கீழே இறக்குங்கள். மேலே குத்தினால் தாழ்வு, ஏற்றுங்கள். இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும் வரை இடம் வலம் எப்படிப் போனாலும் கண்டுகொள்ளாதீர்கள். உயரம் சரியான பிறகு ஒவ்வொரு படியாக 18 மீட்டர் வரை பின்னால் போங்கள்.

இப்போது இடம் வலம். வலது கைக்காரருக்கு, இறகில்லாதது இறகு வைத்தவற்றுக்கு இடது பக்கம் போனால் விறைப்பு, வலது பக்கம் போனால் இளக்கம். இடது கைக்காரருக்கு இது அப்படியே தலைகீழ். தண்டு இலக்கில் எந்தக் கோணத்தில் குத்தி நிற்கிறது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஃபோமின் தன்மை அதைத் திருப்பிவிடும். எங்கே குத்தியது என்பதுதான் பேச்சு.

முழு நீள 500 தண்டில் 125 கிரெயின் முனை போட்டு எய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இறகில்லாதது 15 மீட்டரில் ஒரு சாண் இடது பக்கம் போகிறது. விறைப்பு. 150 போடுங்கள், நாலு விரல் அகலமாகக் குறையலாம். 175 போடுங்கள், இறகு வைத்தவற்றோடு தோளுரசி நிற்கலாம். 200 போட்டதும் வலது பக்கம் தாண்டினால், உங்கள் அம்பு 175க்கும் 200க்கும் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது 200 முனையை வைத்துக்கொண்டு தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வரலாம். அல்லது 175 முனையிலேயே நின்று பக்கத்தோலை, அதாவது பக்கச் சுவரில் ஒட்டிய தோலை, மாற்றி நேராக்கலாம். இந்த அனுபவத்துக்காகவாவது முனைகள் அத்தனையும் வாங்கச் சொல்கிறேன். ஒரு மாலை நேரத்தில், ஒரே தண்டு, முனை மாற மாற இடமிருந்து வலமாக நகர்ந்து வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் எந்த அட்டவணையும் உங்களைப் பயமுறுத்தாது.

ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முனையையும் பிரேஸ் ஹைட்டையும் ஒரே நாளில் மாற்றினால், எது என்ன செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நோட்டில் தேதி, தண்டு, நீளம், முனை, பிரேஸ் ஹைட், எங்கே போனது என்று எழுதி வையுங்கள். ஒரே ஒரு எய்தலை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், ஆறேழு தடவையாவது ஒரே பக்கம் போக வேண்டும்.

தண்டு பொய் சொல்லும் நேரமும் உண்டு. வால் ரைசரில் மோதினால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. இளக்கமான அம்பு விறைப்பு மாதிரி இடது பக்கம் போய் நிற்கும். முனை எடையைக் கூட்டக் கூட இடது பக்கமே இன்னும் அதிகமாகப் போகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். கண்டுபிடிக்க எளிய வழி, முகத்துக்குப் போடும் பவுடர். ஷெல்ஃபிலும் பக்கத்தோலிலும் லேசாகத் தட்டிவிட்டு ஓர் அம்பு எய்யுங்கள். அம்பு உட்காரும் மேட்டில் மட்டும் மெல்லிய கோடு விழுந்திருந்தால் பிரச்சினையில்லை. மேட்டுக்குப் பின்னால், வில்லாளியின் பக்கத்து விளிம்பில் பவுடர் துடைத்த மாதிரி போயிருந்தால் வால் அங்கே அடிக்கிறது. என் வில்லில் அந்தத் தடம் ஷெல்ஃபின் பின்விளிம்பில் ஒரு நெல் அளவுக்கு இருந்தது. நாக்கிங் பாயிண்ட்டை இரண்டு திருகு ஏற்றியதும் மறைந்துவிட்டது. ஸ்பைனைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் உண்மை தெரிந்தது.

வெட்டுவது பற்றி. தண்டு எவ்வளவு தொய்யும் என்பது நீளத்தின் மும்மடிப் பெருக்கைப் பொறுத்தது. 30 அங்குலத்தை 29 ஆக்கினால் தொய்வு கிட்டத்தட்ட 10 சதவீதம் குறையும், 28 ஆக்கினால் 19 சதவீதம். அதனால் ஒரு தடவைக்குக் கால் அங்குலம், கடைசியில் எட்டில் ஓர் அங்குலம். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் எய்து பார்க்க வேண்டும். ஹேக்ஸா பிளேடும் குழாய் வெட்டியும் ஆகாது, நார் பிரிந்து சில்லாகும். வேகமாகச் சுழலும் மெல்லிய உராய்வுச் சக்கரம்தான் சரி. தண்டை மெதுவாக உருட்டிக்கொண்டே வெட்ட வேண்டும். கார்பன் தூள் மூக்குக்கும் நுரையீரலுக்கும் ஆகவே ஆகாது. முகக்கவசம் போடுங்கள், வீட்டுக்குள் வேண்டாம், தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வெட்டிய முனையை நுண்ணிய உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்துச் சமமாக்குங்கள், இன்சர்ட் சாய்ந்து உட்கார்ந்தால் முனையும் சாயும். சோதனை நடக்கும்போது இன்சர்ட்டை எபாக்ஸியில் ஒட்டிவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். குறைந்த சூட்டில் உருகும் ஹாட்மெல்ட் போதும். கழற்ற வேண்டுமானால் திருகிய முனையைச் சுடரில் காட்டிச் சூடேற்றிக் குறடால் இழுங்கள். தண்டில் சுடர் படக் கூடாது, பிசின் கெட்டுவிடும். இன்னொரு வழியும் உண்டு: இன்சர்ட்டைத் தொடாமல், நாக்கைக் கழற்றி வால் பக்கமே வெட்டுவது. இறகில்லாத தண்டுக்கு நான் எப்போதும் இதைத்தான் செய்கிறேன்.

இறகில்லாதது வலது பக்கம் இரண்டு விரற்கடை இருக்கும்போதே வெட்டுவதை நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைப் பக்கத்தோல் பார்த்துக்கொள்ளும். தோலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய துண்டு வைத்தால் அம்பு வெளியே தள்ளப்பட்டு, விறைப்பான அம்பு மாதிரி இடது பக்கம் நகரும். தோலை மெலிதாக்கினால் வலது பக்கம் நகரும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, தோலை எத்தனை தடவை வேண்டுமானாலும் உரித்து ஒட்டலாம்.

எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றும் ஒரு தடவை பாருங்கள். 30 அங்குல 500 தண்டு, அங்குலத்துக்கு 8 கிரெயின் என்றால் 240. இன்சர்ட் 15, முனை 175, நாக் 8, இறகு 10. மொத்தம் 448 கிரெயின். உங்கள் 42 பவுண்டுக்குப் பவுண்டுக்கு 10 கிரெயினுக்குச் சற்று மேல். மர வில்லுக்கு இது நிம்மதியான எடை. வில் அமைதியாக இருக்கும், வளையும் லிம்ப்களுக்கும் நோவில்லை. பவுண்டுக்கு 8 கிரெயினுக்குக் கீழே இறங்காதீர்கள், இலேசான அம்பு வில்லுக்குக் கிட்டத்தட்ட வெறும் நாண் அடிப்பதற்குச் சமம். முன்பாரம், அதாவது அம்பின் சமன்புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது, தெரிய வேண்டுமானால் அம்பை விரல் மேல் சமன்செய்து பாருங்கள். நாக் பள்ளத்திலிருந்து 21 அங்குலத்தில் நின்றால், 15 போக மிச்சம் 6, அதை 30ஆல் வகுத்தால் 20 சதவீதம். ஷெல்ஃபிலிருந்து எய்யும் அம்புக்கு இது நல்ல நிலை. இதைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை, ஸ்பைன் சரியானால் இதுவும் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

இறகுக்கு வான்கோழி இறகுதான், பிளாஸ்டிக் வேண்டாம். ரெஸ்ட் இல்லாத வில்லில் பிளாஸ்டிக் ஷெல்ஃபில் பட்டால் அம்பை உதைத்துவிடும், இறகு படிந்துகொடுத்துப் போய்விடும். மூன்று 4 அங்குலமோ 5 அங்குலமோ, கொஞ்சம் முறுக்கி ஒட்டியது. ஒரே அம்பில் இடது சிறகு இறகையும் வலது சிறகு இறகையும் கலக்கக் கூடாது. இறகை முதலிலேயே ஒட்டிவிட்டு, "என் அம்பு நேராகத்தான் போகிறது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 15 மீட்டரில் போகும். ஈரத்தில் இறகு படுத்துவிட்ட நாளிலும், அகலமான வேட்டை முனை போட்ட நாளிலும் சாயம் வெளுக்கும்.

ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் கார்பன் தண்டைப் பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்து, முகத்திலிருந்து தள்ளி வைத்து, லேசாக வளைத்து, திருப்பி மறுபடி வளையுங்கள். நொறுநொறுவென்று சின்னச் சத்தம் கேட்டாலோ, வெள்ளைக் கீறலோ சில்லோ தெரிந்தாலோ, அதை அங்கேயே முறித்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் நாணில் வெடித்தால் வில் பிடித்த கைக்குள் போய்விடும். இலக்கைத் தவறவிட்டுக் கல்லிலோ மரத்திலோ பட்ட அம்பை, வெளியே எதுவும் தெரியாவிட்டாலும், இப்படிப் பார்க்காமல் திரும்ப நாணில் பூட்டாதீர்கள்.

கை பற்றிக் கடைசியில் சொல்வதாகச் சொன்னேன். விரலைச் சட்டென்று திறந்து விட்டாலும், நங்கூரத்திலிருந்து கை முன்னால் தளர்ந்து போனாலும், அம்பு கிளம்பும்போது வில் பிடித்த கை இடது பக்கம் துள்ளினாலும், இறகில்லாத தண்டு அதையெல்லாம் இலக்கில் காட்டிவிடும். அதனால் ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்று சிதறினால் அம்பை மாற்றாதீர்கள். வில்லைப் பிடித்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால், முழு நீள 600 தண்டில் 125 கிரெயின் முனை போட்டு, இறகு வைத்து, 8 மீட்டரில் மூன்று மாதம் எய்யுங்கள். எய்தல் ஒரே மாதிரி ஆன பிறகுதான் மேலே சொன்ன சோதனைக்கு அர்த்தம். கை ஓரளவு படிந்தவர்களுக்கும் ஒரு வருடத்தில் இழுநீளம் கால், அரை அங்குலம் கூடும், விடுப்பு மென்மையாகும். அப்போது அம்பு மறுபடி கொஞ்சம் நகரும். நான் இறகு ஒட்டாமல் விட்ட ஒரு தண்டை எப்போதும் அம்பறாத்தூணியிலேயே வைத்திருக்கிறேன், மாதத்துக்கு ஒரு தடவை மற்றவற்றோடு சேர்த்து எய்து பார்ப்பேன்.

இந்த வாரம் தராசில் எடை பாருங்கள், இழுநீளம் அளந்து பாருங்கள், தீக்குச்சியை வைத்து ஷெல்ஃபைச் சரிசெய்யுங்கள். அதோடு இப்போதிருக்கும் 400 அம்பு ஒன்றின் இறகை உரித்துவிட்டு 200 கிரெயின் முனையோடு எய்து, எத்தனை விரற்கடை எந்தப் பக்கம் போகிறது என்று எழுதுங்கள். அந்த நாலு தகவல் கிடைத்தால் 500 தண்டா, 600 தண்டா என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.